குட் மார்னிங்கும் கும்பிடும்

ஒருவரையொருவர் கண்டவிடத்துச் சொல்லிக்கொள்ளும் உபசார வார்த்தைகளைப் பற்றி நம்மவர்க்குள் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. ஆங்கிலேயன் "குட் மார்னிங்" என்கிறான். அதில் மேல் கீழ் என்னும் பேதம் கிடையாது. நம்மவனோ "கும்பிடுகிறேன்" என்று முதுகை வளைக்கிறான். ஆதலின் நமது சொல் அடிமைச் சொல் என்பது ஒரு கட்சி. குட் மார்னிங் வெறும் உதட்டுச் சொல், நமது வணக்கமே உள்ளத்துச் சொல், வேண்டுமானால் அகராதியைப் புரட்டிப் பாருங்கள் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் ஒரே படியில்தான் கால் இடறுகின்றனர். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று கண்டுவிட்டால், அஃது இன்று என்ன சொல்லுகிறது என்பதையும் கண்டுவிட்டதாக இவர்கள் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமற்றது என்பதை நாம் வாழும் ஈசூன் வட்டாரத்தையும், நம் முன்னோர் வாழ்ந்த தோட்டத்தையும் வைத்தே ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஆங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உபசாரச் சொற்கள் சமத்துவத்தில் பிறந்தவை என்பது வெறுங் கதை. "குட்பை" என்பதிலுள்ள "குட்" நல்லது என்னும் பொருளுடையதன்று. "கடவுள் உம்மோடு இருப்பாராக" என்ற முழு வாக்கியமே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நாவில் தேய்ந்து சுருங்கி அப்படி ஆயிற்று. அக்கம்பக்கத்தில் குட் டே, குட் நைட் என்னும் சொற்கள் இருந்தமையால், கடவுளைக் குறித்த சொல்லும் அவற்றின் சாயலில் "குட்" ஆகிவிட்டது. இன்று கடவுளே இல்லை என்று மேடையேறிப் பேசுகிறவரும் கூட்டம் முடிந்ததும் குட்பை சொல்லித்தான் இறங்குகிறார். அவர் பிரார்த்தனை செய்தார் என்று யாரேனும் சாட்சி சொல்வார்களா?

"குட் ஆஃப்டர்நூன்" என்பதன் கதை இன்னும் வேடிக்கையானது. நூன் என்னும் சொல் ஒன்பதாம் மணி என்று பொருள்படும் லத்தீன் வழக்கிலிருந்து வந்தது. சூரியோதயத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்றுக்கு வரும். அவ்வேளைக்குரிய கோயில் வழிபாடு மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து நடுப்பகலுக்கு வர, பதினான்காம் நூற்றாண்டளவில் சொல்லும் கூடவே நகர்ந்து பன்னிரண்டு மணியில் நின்றுவிட்டது. ஆகவே, ஆங்கிலேயன் ஆஃப்டர்நூன் என்று சொல்லும்போது அவன் வாயிலுள்ள கடிகாரம் மூன்று மணி நேரம் பிசகியது. இதனால் யாருக்கும் யாதொரு நஷ்டமும் உண்டாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வடதேசத்தாரின் வழக்கிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த "வாஸேல்" என்று ஒரு பழைய வாழ்த்து உண்டு. "நோயின்றி இருப்பாயாக" என்பது அதன் பொருள். மதுக்கிண்ணத்தைக் கையிலேந்தி அதைச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. பின்னர்க் கிண்ணத்திலிருந்த மதுவுக்கே அப்பெயர் வந்தது. அதன்பின் குடித்துக் கும்மாளமிடுவதும் அப்பெயரையே பெற்றது. ஆரோக்கியம் என்று பொருள்பட்ட சொல் கடைசியில் எதைக் குறித்தது பாருங்கள்! தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

"ஹலோ" என்பது மரியாதைச் சொல்லாகவே பிறக்கவில்லை. தூரத்தில் இருப்பவனைக் கூவி அழைக்கும் கூச்சல் அது. தொலைபேசி வந்த புதிதில், கம்பியின் மறுமுனையில் இருப்பவரை என்ன சொல்லி அழைப்பது என்ற கேள்வி எழுந்தது. அக்கருவியைச் செய்த கிரஹாம் பெல் மாலுமிகள் கூவும் "அஹோய்" என்பதையே விரும்பினார். எடிசன் 1877ஆம் வருஷம் எழுதிய ஒரு கடிதத்தில் ஹலோ என்பதே போதுமென்றார். எடிசன் கட்சியே வென்றது. அரசனும் ஆண்டியும் ஒரே கூச்சலைப் போட வேண்டிவந்தது கருவியின் புண்ணியத்தால் அன்றிக் குணத்தின் புண்ணியத்தால் அன்று. எதிரே வருபவர் யாரென்று கண்ணுக்குத் தெரியாதவரையில் எவ்வளவு குனிவது என்று எவனால் நிச்சயிக்க முடியும்?

"ஹௌ டு யூ டு" என்று கேட்டால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பதுதான் அதற்கு விடை. "ஹௌ ஆர் யூ" என்பதற்கோ "ஃபைன்" என்பது விடை. காய்ச்சல் நூற்றிரண்டு டிகிரி இருந்தாலும் ஃபைன்தான். நம் ஊர்க் கிழவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி, மருமகள் சமாசாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு யாவும் வந்து விழும். கேட்டவர் கேள்வியாகவே கேட்டார் என்று அவர் நம்புகிறார். சீனர், சாப்பிட்டாயிற்றா என்று ஹொக்கியன் வழக்கில் கேட்பதும், நம்மவர் "சாப்பிட்டீர்களா?" என்பதும் ஒரே ஜாதி. பஞ்சத்தையும் பசியையும் அறிந்த ஜனங்களின் கேள்வி அது. வயிறு நிறைந்த காலத்திலும் அதைக் கைவிடாதிருப்பது நமக்குச் சந்தோஷமே.

நிற்க. பொருள் தேய்வது மட்டுமே இங்கு விஷயமாயின் இத்தனை தூரம் எழுத வேண்டுவதில்லை. சொல் தேய்ந்தபின் அதற்குள் எது வந்து குடியேறுகிறது என்பதே நாம் கேட்பது. இத்தாலி தேசத்தில் வெனிஸ் நகரத்தார் ஒருவரையொருவர் கண்டால் "நான் உமது அடிமை" என்பார்கள். அந்த வாக்கியம் தேய்ந்து "சாவ்" என்றாகி, இன்று ஐரோப்பா முழுவதும் இளைஞர் தோழரைக் கண்டால் சிரித்துக்கொண்டு சொல்லும் சொல்லாயிற்று. பிரிட்டிஷ் அதிகாரிகள் தம் உத்தியோகக் கடிதங்களின் அடியில் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று கையொப்பமிடுவது நெடுங்கால மரபு. அந்த "ஊழியன்" மறுநாட் காலையில் அக்கடிதத்தைப் பெற்றவரை வேலையினின்றும் நீக்கவுங் கூடும். அவரை ஊழியர் என்று ஒருவரும் நம்பினாரில்லை. ஆனால் நம் தொழிலாளி மனு எழுதுகிறவரிடம் காசு கொடுத்து அதே வாக்கியத்தை எழுதுவித்தபோது, அஃது எழுத்துக்கு எழுத்து மெய்யென்றே வாசிக்கப்பட்டது. வாக்கியம் ஒன்று, வாசித்த கண் வேறு.

நம் தமிழிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஸ்ரீவைஷ்ணவர்கள் தம்முள் ஒருவரைக் கண்டு ஒருவர் "அடியேன்" என்பர். இவர் விழுந்து சேவித்தால் அவரும் விழுந்து சேவிப்பார். அதே அடியேன் என்னும் சொல்லைத் திருவிதாங்கூரிலும் பிறவிடங்களிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் மேற்சாதியான் முன்னே, விலகவேண்டிய தூரத்தில் விலகி நின்று சொல்ல நேர்ந்தது. அங்கே மறுபக்கத்திலிருந்து அடியேன் என்னும் சொல் வருவதில்லை. இவ்விரண்டையும் ஒரே சொல் என்று அகராதி கூறினால், அகராதிக்குக் கண் இல்லை என்றே நாம் கூறுவோம்.

சலாம் என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதுவே. "உம்மீது சாந்தி உண்டாகுக" என்பது முஸ்லிம்களின் வாழ்த்து. அதைக் கேட்டவர் மறுமொழியாகச் சாந்தி கூறுவது அவர்களிடையே கடமை. செல்வன் ஏழைக்கும், ஏழை செல்வனுக்கும் கூறியாக வேண்டும். அச்சொல் தோட்டத்துக்கு வந்தவுடன் "சலாம் போடுதல்" ஆயிற்று. விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கிராணி பெயர் வாசிக்க, தண்டல் ஆட்களை எண்ண, துரை வரும்போது கைகள் நெற்றிக்குப் போகும். துரையின் கை எங்கும் போகாது. சாந்தி ஒருவழிப் பாதையானால் அதற்குப் பெயர் சாந்தியன்று. துரை என்பதும் ஒரு காலத்தில் தலைவனுக்கும் பிரபுவுக்கும் வழங்கிய சொல்தான். பெரிய துரை, சின்ன துரை என்று உத்தியோகப் படிக்கட்டின் பெயராக அதை மாற்றியது தோட்டமே.

இதனைச் சிறு விஷயமென்று தள்ளுவோர்க்கு 1941ஆம் வருஷத்தை நினைவுறுத்துகிறோம். சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் என்பார் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்னும் கோரிக்கைகளோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரைமாரோ உத்தியோகஸ்தரோ எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டுமென்ற விதி ஒழிய வேண்டும் என்பதே அது. கூலி உயர்வு கேட்கும் பட்டியலில் சைக்கிளை ஏன் சேர்த்தார்கள் என்று அக்காலத்துக் கனவான்கள் சிலர் நகைத்திருக்கக்கூடும். வயிற்றுக்கும் முதுகெலும்புக்கும் உள்ள உறவை அவர்கள் அறியார். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் உயிரிழந்தனர். மரியாதை என்னும் சொல்லின் பொருளைக் குறித்து நம்மவர் செய்த விவாதங்களில் இதைவிடப் பெரியதொன்றை நாம் அறியோம். அதைச் செய்தவர்கள் புலவர்களல்லர், பால் வெட்டுகிறவர்கள்.

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்தும் சொல்லொன்றுக்கு வருகிறோம். அது தம்பி என்னும் சொல். தமிழனுக்கு இதைவிட இனிய அழைப்பு வேறு யாது? முன்பின் அறியாத வாலிபனை வழியில் நிறுத்தி வழி கேட்கவேண்டுமானாலும் "தம்பி" என்றால் போதும்; அவன் நின்றுவிடுவான். அழைக்கும்போதே ஒரு தாயை இருவர்க்கும் பொதுவாக்கிவிடுகிற சொல் அது. இச்சொல்லை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஆங்கிலக் காரியாலயங்கள் என்ன செய்தன? கடிதக்கட்டைத் தூக்குகிறவனுக்கும், தேநீர் வாங்கி வருகிறவனுக்கும், கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பியூனுக்கும் "தம்பி" என்று உத்தியோகப் பெயர் சூட்டின. இந்நாட்டு ஆங்கிலத்தில் அது ஒரு வேலையின் பெயராகவே நெடுங்காலம் வழங்கியது. தலை நரைத்து, பேரப்பிள்ளை எடுத்த மனிதரும் மணி அடித்தால் ஓடிவரவேண்டிய தம்பியே.

உறவுச் சொல்லின் இலட்சணம் யாதெனில், அது மறுபக்கத்திலிருந்து மற்றோர் உறவுச் சொல்லை வரவழைக்கும். தம்பி என்றவன் "அண்ணே" என்பதைக் கேட்க வேண்டும். காரியாலயத்தில் தம்பி என்று அழைத்தவன் கேட்டது "யெஸ் சார்". பாதியை வைத்துக்கொண்டு பாதியை வெட்டியெறிந்த பின்னர், அச்சொல்லின் எழுத்தில் யாதொரு குறையும் இல்லை. உச்சரிப்பில்கூட அதிகப் பிழையில்லை. உயிர் மட்டும் இல்லை.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த அநியாயம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்வதற்கில்லை. நம் கிராமங்களில் பத்து வயது மிராசுதார்ப் பையன், தன் பாட்டன் வயதுடைய பண்ணையாளைப் பெயர் சொல்லி "வாடா, போடா" என்று அழைத்தான். அக்கிழவர் அப்பையனை "சாமி" என்றார். கப்பலேறி வந்தபோது மூட்டையோடு மூட்டையாக அவ்வழக்கத்தையும் கொண்டுவந்தவர்கள் நம்மவர்களே. கங்காணியிடம் அது பத்திரமாக இருந்தது. காரியாலயத்துத் துரை அதைக் கண்டு கற்றுக்கொண்டாரா, தாமே வந்தடைந்தாரா என்னும் ஆராய்ச்சியால் பயனில்லை.

இத்தகைய நிலையில்தான் "வணக்கம்" பொதுச்சொல்லாக எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனித்தமிழ் இயக்கமும், 1925க்குப் பின் சுயமரியாதை இயக்கமும் நமஸ்காரத்தையும், தண்டனிடுதலையும், கும்பிடுகிறேன் சாமியையும் நீக்கி, யாரும் யாருக்கும் சொல்லத்தக்க ஒரே சொல்லாக இதனைப் பரப்பின. 1929ஆம் வருஷக் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபின் இங்கும் அக்காற்று பலமாக வீசியது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் அதனை வளர்த்தன. வணங்கு என்றால் வளை என்று பொருள், ஆதலின் வணக்கமும் அடிமைச் சொல்லே என்பவர்க்கு நாம் சொல்லக்கூடியது: வளைவது குற்றமன்று, ஒருவன் மட்டும் வளைவதே குற்றம். கங்காணியும் தொழிலாளியும் ஒரே மேடையில் கைகூப்பி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டபோது, "வளை" என்னும் வேர் அச்சொல்லை விட்டுப் போய்விட்டது.

ஆனால் அவ்வாறு வென்றெடுத்த சொல்லை நாம் இப்போது நடத்தும் விதம் நமக்கு உவப்பாயில்லை. "காலை வணக்கம்" என்கிறோம், "மதிய வணக்கம்" என்கிறோம், "மாலை வணக்கம்" என்கிறோம். தமிழன் என்று காலத்தைப் பார்த்துக் கைகூப்பினான்? இவையெல்லாம் குட் மார்னிங்கின் நிழல்கள். "இரவு வணக்கம்" என்பது இவற்றுள் மிகப் பரிதாபமானது. குட் நைட் என்பது பிரியும்போது சொல்லுவது. வணக்கமோ காணும்போது சொல்லுவது. இரவு வணக்கம் என்று ஒருவர் கூறினால், அவர் வருகிறாரா போகிறாரா என்பதை அவர் கால்களைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இரு பாஷை வார்த்தைத் தொகுதிகள் எழுதுவோர் இடப்பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் வலப்பக்கத்திலும் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று கருதுகின்றனர். இருக்கவேண்டுமென்று யார் கட்டளையிட்டார்கள்?

இனி ஈசூனைப் பார்ப்போம். இவ்வூரின் பெயரே நமது கட்சிக்கு ஒரு சாட்சி. ரப்பரிலும் அன்னாசியிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய தியோச்சியூ வணிகர் லிம் நீ சூன் என்பாரின் (1879–1936) பெயரால் இது நீ சூன் எனப்பட்டது. அதே சீன எழுத்துக்களை மாண்டரின் ஓசையில் படித்ததால் ஈசூன் ஆயிற்று. எழுத்து மாறவில்லை, ஓசை மாறியது, கிழவர்கள் இன்னும் நீசூன் என்கிறார்கள். அக்கம்பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும், 1938இல் திறக்கப்பெற்ற செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்த தமிழர் பலர் இந்த வட்டாரத்தில் வாழ்ந்தனர். பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறியது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1988இல் ரயிலும் வந்தது. துரையில்லை, கிராணியில்லை. இப்போது யார் யாரை எவ்வாறு அழைக்கின்றனர்?

காப்பிக்கடையில் எல்லாரும் "பாஸ்" ஆகிவிட்டனர். எஜமான் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. எஜமான் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சொல்ல மனமில்லாத அமெரிக்கத் தொழிலாளர் அதற்குப் பதிலாக இதைக் கைக்கொண்டனர். இங்கே தேநீர் கேட்பவன் ஆற்றுகிறவனைப் பாஸ் என்கிறான், ஆற்றுகிறவனும் "என்ன வேணும் பாஸ்?" என்கிறான். எஜமானப் பட்டம் இவ்வளவு மலிவாக இரு கைகளிலும் மாறிக்கொள்வதைக் கண்டு நாம் வருந்தவில்லை, நகைத்து மகிழ்கிறோம். சீனப் பிள்ளை தமிழ் முதியவரை "அங்கிள்" என்பதும், தமிழ்ப் பிள்ளை சீன மூதாட்டியை "ஆண்டி" என்பதும் அவ்வாறே நமக்கு உகந்தவை. ஆங்கிலேயன் தன் உறவினர்க்கும் நெருங்கியவர்க்கும் சொன்னதை நாம் தெருவுக்கே கொடுத்துவிட்டோம். இஃது ஆங்கிலச் சொல்லுக்குள் ஆசியாக்காரன் குடியேறியதன்றி வேறன்று.

மகிழ்ச்சி அத்தோடு நின்றுவிடுகிறது. விடியற்காலையில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைப் பெருக்குகிறவர் "குட் மார்னிங் சார்" என்கிறார். கைபேசியில் கண் பதித்த சார் மின்தூக்கிக்குள் புகுந்துவிடுகிறார். அவர் தமிழராயிருக்கலாம், தோட்டத்தில் சைக்கிளை விட்டிறங்கி நின்றவரின் பேரனாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடுகின்றனர். நம் ஊர்த் தமிழர் சிலர் அவர்களிடம் வாய் திறந்தால் முதலில் வருவது "ஏய்" அல்லது "தம்பி". அத்தம்பிக்கு அண்ணே என்று மறுமொழி சொல்ல இடமுண்டா, அல்லது அது காரியாலயத்துத் தம்பியா என்பது சொன்னவரின் குரலிலேயே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லைக் குறைகூறும் அன்பர்கள் இந்தத் தமிழ்ச் சொல்லின் சப்தத்தைச் சற்றுச் செவிகொடுத்துக் கேட்பார்களாக. சிராங்கூன் ரோட்டில் விளக்கு எரியும் "ஹேப்பி தீபாவளி"யைத் தமிழில் எழுதவில்லையே என்று வருந்துவோர் உளர். அதிலுள்ள "ஹேப்பி" பண்டு அதிர்ஷ்டத்தைக் குறித்தது, பின்பு மகிழ்ச்சியைக் குறித்தது. அவ்விளக்கின் கீழே நின்று இருவர் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதே நமக்கு முக்கியம்.

பிரியும்போது சொல்லும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழன் "போகிறேன்" என்று சொல்லமாட்டான். "போய் வருகிறேன்" என்பான். நாகப்பட்டினத்துத் துறையில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938இல் தடுத்தபோது, அவர்களுள் எத்தனையோ பேர் தோட்டத்து மண்ணிலேயே புதைந்து போயிருந்தனர். எஞ்சியவர்களுள் பல ஆயிரம் பேரைச் சில ஆண்டுகளுக்குள் சயாம் ரயில் பாதை விழுங்கியது. ஊரில் வாசற்படியில் நின்று "போய் வா" என்று சொன்ன தாய், அச்சொல்லின் பின்பாதிக்காகச் சாகும்வரை காத்திருந்தாள். அது சம்பிரதாய வார்த்தை, பொருளில்லாதது என்று அவளிடம் யாரும் சொல்லத் துணிந்திரார்.

இன்று ஈசூன் ரயில் நிலையத்து வாயிலில் பேரன் "பை" என்கிறான். கடவுளும் போய், நல்லதும் போய், "உம்மோடு இருப்பாராக" என்பதன் கடைசித் துணுக்கு மட்டும் அவன் வாயில் நிற்கிறது. பாட்டி "போயிட்டு வாடா" என்கிறாள். சாயங்காலம் அவன் வீடு திரும்புகிறான்.